பலகைத் தரை போடப் போற மாப்பிள்ளைக்கு

பலகையைப் பார்த்தேன் மாப்ள. அழகுன்னா அப்படி ஒரு அழகு. பெட்டி மேல ‘ஓக்’னு எழுதியிருக்குது. பலா தெரியும், தேக்கு தெரியும், வேம்பு, வாகை எல்லாம் தெரியும். இந்த ஓக்கை நான் கண்ணால கண்டதில்ல. அதனால ஒண்ணை எடுத்து மடியில போட்டு நல்லாத் தடவிப் பார்த்தேன். முடிச்சு இருக்குது, ரேகை ஓடுது, ஓரத்துல சின்னதா ஒரு வெடிப்பு கூட இருக்குது. சரின்னு அடுத்த பலகையை எடுத்தேன். அதே முடிச்சு, அதே ரேகை, அதே வெடிப்பு, அதே எடத்துல. ஒண்ணுக்கொண்ணு இவ்வளவு ஒத்துமையா இருக்கற மரத்தை என் ஆயுசுல பார்த்ததில்ல. நம்ம பங்காளிங்களைக் கூட்டியாந்து காட்டணும்.

கோவிச்சுக்காத, கரணை பிடிச்ச கை சும்மா இருக்காது. பேனாக் கத்தியால ஓரத்தை லேசா சுரண்டினேன். மேல வழவழன்னு ஒரு பிசின் தோலு. அது தேயாம இருக்க அலுமினியம் ஆக்சைடு பொடி கலந்திருக்கான். அதுக்குக் கீழ மரத்தைப் போட்டோ பிடிச்சு அச்சடிச்ச காகிதம். அதுக்குக் கீழ மரத்தை நாராக் கிழிச்சு, பசை போட்டு, நசுக்கி எடுத்த எச்.டி.எஃப். பலகை. அடியில இன்னொரு காகிதம். ஆக, மேலே மரத்தோட படம், உள்ளே மரத்தோட தூளு. ஏமாத்துன்னு சொல்லல. நல்ல சரக்குதான். கடைக்காரர் ‘ஏசி 4’னு சொன்னதும் உங்கப்பா ரிமோட் எங்கன்னு கேட்டாராமே? அது தேய்மானத்துக்குப் போடற நம்பர்னு அவருக்கு வெளக்கிச் சொல்லு. நம்பர் கூடக்கூட மேல்தோலு தாங்கும். நம்ம ஊர்ச் செம்மண்ணும் சாம்பல் தூசியும் செருப்புல ஒட்டிக்கிட்டு உள்ள வர்றதுக்கு 4 நல்லதுதான். ஆனா மாப்ள, அந்த நம்பரு மேல இருந்து வர்ற அடிக்குத்தான். அடியில இருந்து வர்றதுக்கு நம்பரு கெடையாது.

இதைக் கண்டுபிடிச்சது சுவீடன்காரன். 1977-ல பெர்ஸ்டோர்ப்ங்கற கம்பெனிக்காரங்க, மேசைக்கு ஒட்டற சன்மைக்கா சரக்கைத் தரைக்கு எறக்கிப் பார்த்தாங்க. ‘பெர்கோ’ன்னு பேரு வெச்சி வித்தாங்க. தொண்ணூறுகள்ல பசையே இல்லாம ஒண்ணோட ஒண்ணு கோத்து மாட்டற கிளிக் பலகை வந்துது. அவன் ஊருல பனி கொட்டும். வெறும் கான்கிரீட்டுல கால் வெச்சா உசுரு உச்சந்தலைக்கு ஏறும். அவனுக்குக் காலு சூடா இருக்கணும், அதுக்கு மரம் வேணும். நீ யோசிச்சுப் பாரு, அக்னி நட்சத்திரத்துல உங்கப்பா சுரங்கத்துல ஷிப்ட் முடிச்சு வந்து, பாயை ஒதைச்சுத் தள்ளிட்டு வெறும் சிமென்ட் தரையில மல்லாந்து கெடப்பாரே, எதுக்கு? அந்தச் சில்லிப்புக்குத்தானே? அதை மூடறதுக்கு நீ பணம் குடுக்கற. குடு, உன் பணம்.

அது கெடக்கட்டும். நெய்வேலியில மரத்துக்குப் பஞ்சமா? ஊருக்கே அடியில மரந்தான் மாப்ள. கோடிக்கணக்கான வருஷத்துக்கு முன்னாடி சதுப்புக்காட்டுல நின்ன மரமெல்லாம் மண்ணுக்குள்ள போய்ப் பழுப்பு நிலக்கரியாக் கெடக்குது. அதை வெட்ட ஜெர்மனியில இருந்து சக்கரத்துல வாளி கட்டின எந்திரம் வந்துது. எரிக்க ரஷ்யாக்காரன் அனல் மின் நிலையம் கட்டிக் குடுத்தான். 1957 மே 20-ஆம் தேதி நேரு வந்து சுரங்க வேலையைத் தொடங்கி வெச்சாரு. 1961-லதான் கரி கண்ணுல பட்டுது. தோண்டி எடுத்தா, கரியோட எடையில ஏறக்குறைய பாதி தண்ணி. கோடி வருஷம் ஆயும் குடிச்ச தண்ணியை அந்த மரம் விடல. இந்தப் பக்கம் இப்படின்னா, அந்தப் பக்கம் திருவக்கரையில மரமெல்லாம் கல்லாப் போய்ப் படுத்திருக்குது. நம்ம சீமையில மண்ணோட படுத்த மரம் ஒண்ணு கரியாயிருக்குது, இல்லன்னா கல்லாயிருக்குது. பலகையாவே இருந்ததா வரலாறு இல்ல. நீதான் மொத ஆளு.

இன்னொண்ணு கேளு. இங்க கரி இருக்கறது தெரிஞ்சதே தண்ணி தேடப் போயித்தான். 1930-கள்ல ஜம்புலிங்க முதலியார் நிலத்துல கிணத்துக்குத் துளை போட்டப்ப, தண்ணியோட கறுப்பா என்னமோ வந்துது. அவரு அதைச் சும்மா விடாம சர்க்காருக்குச் சொன்னாரு. அதுல இருந்து இன்னிக்கு வரைக்கும் இந்த ஊருல கரியும் தண்ணியும் பிரியவே இல்ல. கரிப் படுகைக்கு அடியில ஊத்துத் தண்ணி, சதுர சென்டிமீட்டருக்கு 6 கிலோ, 8 கிலோ அழுத்தத்துல மேல பார்த்து முட்டிக்கிட்டு நிக்குது. ராவும் பகலும் பம்பு போட்டு எறைச்சு அந்த அழுத்தத்தைக் கொறைச்சாத்தான் சுரங்கத்துல கரி வெட்ட முடியும். அவ்வளவு பெரிய சுரங்கக் கம்பெனி தரைக்கு அடியில இருக்கற தண்ணிக்குப் பயந்து தூங்காம எறைச்சுக்கிட்டு இருக்குது. நீ ரெண்டு மில்லி நுரை விரிப்பைக் கையில சுருட்டி வெச்சிக்கிட்டு நிக்கற. நெஞ்சழுத்தம்யா உனக்கு!

மூஞ்சியைத் தூக்காத, சும்மா சொன்னேன். அந்த ஊத்து எங்கேயோ ஆழத்துல கெடக்கு, உன் ஹாலுக்கு வராது. உன் ஹாலுக்கு வர்ற தண்ணி வேற. அது ரொம்ப நல்ல பிள்ளை. சத்தம் போடாது, சொட்டாது, கண்ணுக்கே தெரியாது.

குவார்ட்டர்ஸைக் காலி பண்ணிட்டு இந்திரா நகர்ல உங்கப்பா வூடு கட்டினப்ப நீ சென்னையில இருந்த. தரைக்கு அடியில என்னா இருக்குன்னு உனக்குத் தெரியாது. நான் சொல்றேன். பேஸ்மட்டம் எழுப்பி, உள்ள கிராவலும் மணலும் கொட்டி, தண்ணி விட்டு இடிச்சு நெரப்பினாங்க. அது மேல ஒன்றரை இஞ்ச் ஜல்லி போட்டு ஒண்ணுக்கு நாலுக்கு எட்டு கான்கிரீட் நாலு இஞ்ச். அதுக்கு மேல சிமென்ட் பூச்சு. ‘மச்சான், கான்கிரீட்டுக்கு அடியில ஒரு பாலித்தீன் விரிச்சிட்டுப் போடுங்க’ன்னு சொன்னேன். ஜல்லிக்கே காசில்லாம நிக்கறேன், இவன் தரைக்குப் பாய் விரிக்கச் சொல்றான்னு சிரிச்சாரு. மச்சான் பேச்சைக் கேட்ட மச்சான் உலகத்துல உண்டா? நம்ம பக்கம் நூத்துக்குத் தொண்ணூறு வூடு இப்படித்தான், அவரை மட்டும் சொல்லிக் குத்தமில்ல. டைல்ஸோ மொசைக்கோ போட்டா இது ஒரு கேடும் இல்ல. மண்ணுல இருக்கற ஈரம் கான்கிரீட்டுல இருக்கற நுண்ணிய துளை வழியா மேல ஏறும், காத்துல கலந்து போயிடும். மிஞ்சிப் போனா சுவத்து ஓரம் உப்புப் பூக்கும், துடைச்சிட்டுப் போவோம். அது மேல நீ பலகையை மூடினீன்னா, ஏறி வந்த ஈரம் எங்க போவும்? மேல போவ வழியில்லன்னா பலகைக்குள்ளதான் போவும்.

புதுத் தரைன்னா இன்னும் விசேஷம். ஒரு மூட்டை சிமென்ட் 50 கிலோ. கலவைக்கு ஊத்தற தண்ணி 25 லிட்டருக்குக் கொறையாது. நம்ம ஆளுங்க குழாயைப் பிடிச்சா அளவு எவன் பார்த்தான்? அதுல சிமென்ட் கெட்டியாறதுக்குத் தனக்குன்னு எடுத்துக்கறது பாதிதான். மிச்சம் பாதி உள்ளயே உக்காந்திருக்கும். போதாததுக்கு நாம ஏழு நாளு, பத்து நாளு பாத்தி கட்டித் தண்ணி நிறுத்தறோம். நிறுத்தணும், இல்லன்னா கான்கிரீட்டு பொரியும். ஆனா நிறுத்தின தண்ணியும் அதுக்குள்ள போனதுதானே? அத்தனையும் ஆவியா வெளிய போவணும். இஞ்ச் கனத்துக்கு ஒரு மாசம்னு ஒரு கணக்கு வெச்சிருக்காங்க. நாலு இஞ்ச்சுக்கு நாலு மாசம். அதுவும் காத்து காய்ஞ்ச ஊருக்கு. கடலூர்க் கடக்காத்து வந்து போற ஊருக்கு இன்னும் ரெண்டு சேத்துக்க. மேல தொட்டா காய்ஞ்சுதான் இருக்கும். தொட்டுப் பார்த்து முடிவு பண்ற விஷயம் இல்ல இது.

என்னா பண்றது, கேளு. ஒன்றரை அடிக்கு ஒன்றரை அடி, அடி தெரியற பாலித்தீன் தாளு ஒண்ணை வெட்டிக்க. தரையைச் சுத்தமாப் பெருக்கிட்டு, தாளை விரிச்சு நாலு ஓரமும் அகல டேப்பு போட்டுக் காத்து போகாம ஒட்டு. ராத்திரி பூரா விடு. 16 மணி நேரமாவது ஆவணும். காலையில பிரிச்சுப் பாரு. தாளோட உள்பக்கம் முத்து முத்தா வேர்த்திருந்தாலோ, அடியில தரை மட்டும் கறுத்திருந்தாலோ, பெட்டியை அப்படியே கட்டி வெய்யி. ஹால் நடுவுல ஒண்ணு போட்டுட்டு ஆச்சுன்னு எழுந்திரிக்காத. வெளிச்சுவத்து ஓரமா ஒண்ணு, பாத்ரூம் சுவத்துக்கு இந்தாண்ட ஒண்ணுன்னு ஒட்டு. முக்கியமா எப்பப் பண்றங்கறதைப் பாரு. சித்திரையில இந்த டெஸ்ட்டை வெச்சா எந்தத் தரையும் யோக்கியந்தான். ஐப்பசி கார்த்திகையில, நாலு நாளு விடாம ஊத்தின பிற்பாடு வெய்யி. 2015 நவம்பர்ல கடலூர் மாவட்டமே தண்ணியில கெடந்தப்ப நீ டிவியில பார்த்த, நாங்க கணுக்கால்ல பார்த்தோம். அப்படி ஒரு மழை வந்தா உன் பேஸ்மட்டத்து மணலையும் விட்டு வைக்காது.

இன்ஜினீயர் வெச்சித்தான் பார்க்கணும்னா கான்கிரீட்டுல துளை போட்டு, உள்ள ஈரப்பதம் பார்க்கற கம்பியை எறக்குவான். 75 சதவீதத்துக்கு மேல காட்டினா வேணாம்னு பலகைக்காரனே சொல்லியிருக்கான். நீ அந்தச் சின்ன எழுத்தைப் படிச்சிருக்க மாட்ட. நானும் கண்ணாடி போட்டுத்தான் படிச்சேன்.

டெஸ்ட்டுல பாஸானாலும் பலகைக்கு அடியில 200 மைக்ரான் பாலித்தீன் விரிச்சாகணும். ஒரு தாளு மேல இன்னொரு தாளு 20 சென்டிமீட்டராவது ஏறி நிக்கணும், சேர்ற எடம் முழுக்க டேப்பு. சுவத்து ஓரத்துல கொஞ்சம் மேல மடிச்சு விடணும். அது மேல நுரை, அது மேல பலகை. இந்தத் தாளுக்கு ஆவற செலவு பெட்டி வெலையில ஒரு மூலைக்குக் காணாது. அதைத்தான் எல்லாரும் மிச்சம் பிடிக்கறாங்க.

இப்ப வடலூர்ப் பக்கம் ஒரு வூட்டுல நடந்ததைச் சொல்றேன், பேரு வேணாம், சொந்தக்காரங்க. நல்ல பலகை, நல்ல ஆசாரி. இந்தப் பலகையைத் தரையில ஆணி அடிக்கறதில்ல, பசை போட்டு ஒட்டறதும் இல்ல. ஒண்ணோட ஒண்ணு மாட்டிக்கிட்டு மொத்தமா ஒரே விரிப்பாத் தரை மேல மெதந்துகிட்டுக் கெடக்கும். காத்துல ஈரம் கூடினா மீட்டருக்கு ஒண்ணு ரெண்டு மில்லி விரியும், காய்ஞ்சா சுருங்கும். அதனால நாலு சுவத்து ஓரமும் 10 மில்லி எடைவெளி விடணும். மேல ஸ்கர்ட்டிங் கட்டை அந்த எடைவெளியை மறைச்சுக்கும். கட்டையைச் சுவத்துலதான் அடிக்கணும், பலகையில அடிக்கக் கூடாது. ஆசாரி சரியா விட்டுட்டுப் போனாரு. வூட்டுக்காரருக்கு அந்த எடைவெளி கண்ணை உறுத்திச்சு. ‘காசு வாங்கிட்டு ஓரத்தைச் சரியா முடிக்காமப் போயிட்டான்’னு அவரே உக்காந்து ஒயிட் சிமென்ட்டைக் கொழைச்சு ஓரம் பூரா கச்சிதமா அடைச்சாரு. எனக்குப் போன் போட்டுப் பெருமையா வேற சொன்னாரு. ஐப்பசி பொறந்துது. பலகை விரிஞ்சுது, விரிய எடமில்ல. ஹால் நடுவுல ரெண்டு வரிசை எழும்பிக் கூரை போட்டுக்கிட்டு நிக்குது! பேரப் புள்ளைங்க அது மேல ஏறிக் குதிக்குது, டம் டம்முனு சத்தம். தாளும் விரிக்கலை போலிருக்கு, கீழ இருந்து ஈரம் வேற. பலகையோட சேர்ற ஓரமெல்லாம் டீயில நனைச்ச ரஸ்க்கு மாதிரி உப்பிப் போச்சு. ஒரு தடவை உப்பினா உப்பினதுதான் மாப்ள. வெயில்ல காய வெச்சாலும் பழைய அளவுக்கு வராது. நெஜத் தேக்குன்னா எழைச்சு, பாலிஷ் போட்டு மீட்டுடலாம். போட்டோவை எப்படி எழைக்கறது?

சரி, தையில கிரகப்பிரவேசம் வெச்சிருக்கறதாக் கேள்வி. அதுக்கு முன்னாடியே பலகை போட்டு முடிச்சுடணும்னு துடிக்கறியாமே. வர்றவங்க பார்க்கணுமில்ல! நல்லா நெனைச்சுப் பாரு. ஐப்பசியும் கார்த்திகையும் ஊத்தின மழையில தரை ஊறிக் கெடக்கும், மார்கழிப் பனியில நீ மூடுவ. அது ஒண்ணு. ரெண்டாவது, காலையில நாலரை மணிக்குப் பசுவும் கன்னும் உள்ள வரும். கொளம்பு வழுக்கற தரை. வழுக்கிச்சுன்னா பசுவுக்கும் ஆபத்து, பக்கத்துல நிக்கற ஐயருக்கும் ஆபத்து. வந்த பசு கோமியம் விட்டா லட்சுமி கடாட்சம்னு உங்கம்மா கையெடுத்துக் கும்பிடுவா. நீ துணியைத் தூக்கிக்கிட்டு ஓடுவ. மூணாவது, செங்கல் அடுக்கி மணலைக் கொட்டி ஹோமம். அடியில இருக்கறது பசையும் பிசினும் மரநாரும். நாலாவது, பால் பொங்கி வழியணும். அஞ்சாவதா, நூத்துக்கணக்கான பேரு பந்திக்குப் போயிட்டு ஈரக் காலோட வருவாங்க. எந்தச் சுவீடன்காரன் கம்பெனி கேரண்டியிலயும் பசு மாட்டைப் பத்தி ஒரு வரி கூட இல்ல. நான் தேடிப் பார்த்துட்டேன். விசேஷம் முடியட்டும். பங்குனி வெயில் தரையைச் சுடட்டும். சித்திரை கழிஞ்சு பெட்டியைப் பிரி. பிரிக்கறதுக்கு முன்னாடி ரெண்டு நாளு, 48 மணி நேரம், பெட்டியை அந்த ரூம்புக்குள்ளயே படுக்கப் போட்டு வெய்யி. அந்த ரூம்புச் சூட்டுக்கும் ஈரத்துக்கும் பழகிக்கட்டும். வெளிச் சுவத்துல சாத்தி வெக்காத, வளைஞ்சு போவும்.

தரை மட்டத்தைப் பத்தியும் ஒரு வார்த்தை. உன் ஹாலுல ரசமட்டம் வெச்சா வாசப்பக்கம் சாயும். அது கொத்தனாரு தப்பில்ல, கழுவி விடற தண்ணி ஓடறதுக்கு விட்ட வாட்டம். பலகைக்கு அதால கெடுதல் இல்ல. சாய்ஞ்ச தரையிலயும் பலகை படுக்கும். குழியும் மேடும்தான் ஆவாது. ரெண்டு மீட்டர் அலுமினியக் கட்டையைத் தரையில படுக்கப் போட்டு இழுத்துக்கிட்டே போ. கட்டைக்கு அடியில 3 மில்லிக்கு மேல சந்து தெரியக் கூடாது. மில்லி பார்க்கற கருவியெல்லாம் வேணாம். புதுசா வந்த சின்ன ஒரு ரூபாய்க் காசு ரெண்டை அடுக்கினா கிட்டத்தட்ட அந்தக் கனந்தான். காசு தாராளமா உள்ள போவுதுன்னா அந்தக் குழியை நெரப்பணும். மேடா இருந்தா கிரைண்டர் வெச்சித் தேய்க்கணும். குழியை விட்டுட்டுப் போட்டா, நடக்கறப்ப பலகை அழுந்தி அழுந்தி எழும்பும். கோத்திருக்கற கொக்கி மெல்ல ஒடியும். ராத்திரி யாரு பாத்ரூம் போறாங்கன்னு வூடே கணக்கு வெச்சிக்கலாம், அவ்வளவு சத்தம்.

வரிசைக்கு வரிசை சேர்ற எடம் ஒரே நேருக்கு வராம ஒரு அடியாவது தள்ளிப் போடறது, மொத வரிசையோட நாக்கை அறுத்து எடுக்கறது, சுத்தியலால நேரா அடிக்காம கட்டையை வெச்சி அடிக்கறதெல்லாம் ஆசாரிக்குத் தெரியும். அதுல போய் மூக்கை நுழைக்காத. கதவைத்தான் நீ பார்க்கணும். பலகை 8 மில்லி, நுரை 2 மில்லி, தரை 10 மில்லி ஒசரும். ரூம்புக் கதவு எல்லாம் தரையைத் தேய்க்கும். கதவைக் கழட்டி அடியை எழைக்கணும். வெளிநாட்டு வீடியோவுல நிலைக்காலோட அடியை ரம்பத்தால அறுத்துட்டுப் பலகையை உள்ள செருகறான் பார்த்தியா? அந்த வேலையை நம்ம தலைவாசல் பக்கம் காட்டாத. மஞ்சளும் குங்குமமும் வெச்ச நிலை அது. அங்க பலகையை நிலைப்படிக்கு இந்தாண்டயே நிறுத்தி, ஒரு பட்டி போட்டு முடிச்சிடு.

கரையானை மறந்துட்டியே! செம்மண் காடு இது. முந்திரிக் கட்டையையே விடாதவன், நாராக் கிழிச்சு வெச்சதை விடுவானா? வெட்டி, அரைச்சு, பதமாப் பண்ணி வெச்சிருக்கான், மென்னு முழுங்கற வேலை கூட இல்ல. சுவத்து ஓரமா துளை போட்டு மருந்து எறக்காம பலகை பக்கமே போவாத. அடியில அவன் குடும்பம் நடத்தறது மேல தெரியாது. பீரோவை நகத்தறப்பதான் தெரியும்.

கேட்டுக்க, நான் மரத்துக்கு விரோதி இல்ல. நம்ம பாட்டன் பூட்டன் வூட்டுல மரம் இல்லாமயா இருந்துது? உத்தரம் மரம், தூணு மரம், மச்சுக்குப் பலகை மரம். எல்லாம் மண்ணை விட்டுத் தள்ளி. தூணைக் கூடக் கல்லு மேலதான் நிறுத்தினான். பண்ருட்டிப் பலா தஞ்சாவூருக்குப் போயி வீணையாவுது, அவ்வளவு நல்ல மரம். அதை ஒருத்தனும் தரையில போடல. கஞ்சத்தனத்துல போடாம விட்டான்னு நெனைக்கறியா? 2011-ல தானே புயல் அடிச்சப்ப இந்தப் பக்கம் பலாவும் முந்திரியும் சாய்ஞ்சு கெடந்துது, சும்மாவே தூக்கிட்டுப் போன்னான். அப்பவும் எவனும் தரைக்குப் போடல.

ஆசைப்பட்டுட்ட. மாடியில உன் ரூம்பு இருக்குதில்ல, அங்க போடு. அடியில மண்ணு இல்ல, ரெண்டு பக்கமும் காத்து பட்ட தளம், நாள்பட காய்ஞ்சிருக்கும். பாத்ரூம் சுவத்துல கசிவு இல்லாமப் பார்த்துக்க. தாளையும் நுரையையும் விடாம விரிச்சுப் போடு, நல்லாவே இருக்கும். கீழ ஹாலுக்கு மர டிசைன் டைல்ஸ் வந்திருக்குது, எட்டு இஞ்ச் அகலம், நாலு அடி நீளம். அதுலயும் ஓக்கு இருக்காம். அதுவும் போட்டோதான். இது சுட்ட போட்டோ, நனைஞ்சா உப்பாது. விருத்தாசலத்துல பீங்கான் வேலை பார்த்த ஆளுங்க இன்னும் இருக்காங்க, சுட்ட மண்ணோட அருமையை அவங்களைக் கேளு. டைல்ஸு வேணாம், பலகை கணக்கா மாட்டறதுதான் வேணும்னா எஸ்.பி.சி.ன்னு ஒண்ணு விக்கறான். சுண்ணாம்புக்கல் பொடியும் பிளாஸ்டிக்கும் கலந்தது, தண்ணிக்கு உப்பாது. ஆனா கனம் கம்மி, தரையில ஒரு சின்ன மேடு இருந்தாலும் காட்டிக் குடுத்துடும். சமையல்கட்டுக்கும் பூஜை ரூம்புக்கும் இது எதுவும் வேணாம். கிரைண்டரு கழுவற எடத்துலயும் கார்த்திகைக்கு அகல் வெக்கற எடத்துலயும் ஃபேஷன் காட்டாத.

ஒண்ணு மட்டும் பாக்கி இருக்குது. இந்தப் பலகையை ஈரத் துணியை நல்லாப் பிழிஞ்சு ஒத்தி எடுக்கத்தான் செய்யலாம், தண்ணி ஊத்திக் கழுவக் கூடாது. உங்கம்மா வெள்ளிக்கெழமை காலையில மாடிக்கும் சேர்த்து ரெண்டு வாளி தண்ணியும் தென்னந்தொடப்பமும் எடுத்துக்கிட்டு ஏறுவா. கல்யாணம் ஆனதுல இருந்து இருந்த எடமெல்லாம் அப்படித்தான் கழுவிக்கிட்டு இருக்கா. நீயே போயி ‘அம்மா, இனிமே மாடிக்கு வாளி வேணாம்’னு சொல்லு. நான் கூட நிக்க மாட்டேன், எனக்கு வடலூர் பஸ்ஸுக்கு நேரமாச்சு.